பக்கத்து வீட்டுக்காரரின் மூடி

பார்மசி டெக்னீஷியன் என்றால் என்ன வேலை என்று என் அப்பாவிடம் கேட்டால், "பையன் மருத்துவத் துறையில இருக்கான்" என்பார். அக்காவிடம் கேட்டால், "மாத்திரை எண்ணுறான்" என்பாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா சொல்வதற்குத்தான் சாட்சி இருக்கிறது.

எண்ணுவதற்கென்று ஒரு நீலத் தட்டு உண்டு. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வாய்க்கால். பெரிய டப்பாவிலிருந்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி வாய்க்காலில் விட வேண்டும். ஆறு தள்ளு தள்ளினால் முப்பது. ஒருத்தருக்கு ஒரு மாதம் ஓடிவிடும். எண்ணும்போது வாயைத் திறந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் மருந்தாளர் மேடத்தின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரே டப்பாவை ஒன்பது முறை எண்ணினேன். எனக்குக் கணக்கில் குறை இல்லை. குறையெல்லாம் வாயில்தான்.

மேடம் ஒரு டப்பாவையும் நம்பியே வெளியே விட்டதில்லை. நான் நிரப்பி வைப்பதை ஒவ்வொன்றாகத் திறப்பார், மாத்திரையைத் திரையில் உள்ள படத்தோடு ஒப்பிடுவார், லேபிளைப் படிப்பார், பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அவர் சிரித்து ஒருத்தர் பார்த்திருக்கிறார் என்றும், அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும் கடையில் ஒரு பேச்சு.

டெக்னீஷியன் வாடிக்கையாளர்களிடம் சொல்ல அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் மொத்தம் நான்கு. பேர் என்ன, பிறந்த தேதி என்ன, இங்கே கையெழுத்துப் போடுங்க, மேடத்தைக் கூப்பிடுறேன். அவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கவுன்ட்டருக்கு உள்பக்கம், என் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தார்கள். என்னை வேலைக்கு எடுத்த பிறகுதான் அதை ஒட்டினார்கள் என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. மூன்று மாதச் சோதனைக் காலத்தில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை பூட்டுக்காரர் வந்தார்.

எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய சாவிக்கடை. இந்த வட்டாரத்தில் அவர் திறக்காத கதவு கிடையாது. போன வருடம் அம்மா சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியபோது அவர்தான் வந்தார். அப்பா அம்மாவைத் திட்ட வாயெடுத்தார். முதல் வார்த்தை முடிவதற்குள் கதவு திறந்துவிட்டது. அதற்கப்புறம் திட்டுவதற்கு முகாந்திரம் இல்லாமல் அப்பா இரண்டு நாள் சோர்ந்து கிடந்தார்.

பூட்டுக்காரர் மாதா மாதம் நாள் தவறாமல் வந்து ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். அன்று மூன்று டப்பா. வாங்கியவர் நகரவில்லை. பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கவுன்ட்டர்மேல் சாய்ந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். எனக்கில்லை. பக்கத்து வீட்டுல ஒரு ஆளு இருக்கான்."

"சொல்லுங்க சார்."

"அவனுக்கு இந்த மூடி ஒத்து வரலை. அமுக்கவும் சொல்றீங்க, அமுக்கிக்கிட்டே திருப்பவும் சொல்றீங்க. குழந்தைங்க திறக்கக் கூடாதுன்னு பண்ணியிருக்கீங்க, சரி. அவன் குழந்தையாப்பா? கட்டை விரல்ல மூட்டு வலி, பாவம். ஆறு மாசமா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான்."

"அவருக்கு என்ன வயசு சார்?"

"என் வயசுதான்."

"என்ன வேலை பாக்குறாரு?"

முறைத்தார். "வேலைக்கும் மூடிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

நான் அவருடைய கட்டை விரல்களைப் பார்த்தேன். இரண்டும் அடி மூட்டில் வீங்கி, இஞ்சித் துண்டு மாதிரி இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துக் கைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் மூடிக்கு ஒரு ரகசியம் உண்டு. அதைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் சாதாரணத் திருகு மூடி. எந்தக் கையும் திறக்கும். ஆனால் அப்படிக் கொடுப்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது. வாங்குகிறவர் தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும், மேடம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை இவரிடம் எப்படிக் கேட்பது? மேடம் வேறு, காதில் போனோடு, ஏதோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் காத்திருப்பு இசையை இருபது நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. மூன்று மூடிகளையும் கழற்றினேன், தலைகீழாகப் போட்டேன், ஒன்றைத் திறந்தும் காட்டினேன்.

அவர் அதை வாங்கித் தானே ஒருமுறை திறந்து பார்த்தார். அந்த முகத்தை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

"இன்னைக்கு மதியம் சாப்பிட்டதும் மொத வேலையா எடுத்துக்குவேன்" என்றவர், வாசலில் நின்று திருத்தினார். "எடுத்துக்கச் சொல்றேன்."

அடுத்த மூன்று மணி நேரம் நான் நல்லவனாக இருந்தேன்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு நடை, அரை மணி நேர இடைவேளை. சனிக்கிழமை என்பதால் எல்லாரும் மேஜையில் இருந்தார்கள். அப்பா முதல் வாயை வைத்தார். கண் இரண்டும் மேலே போயின.

"என்னடி இது, கடல் தண்ணியில சமைச்சியா?"

"நான் எப்பவும் போடுற உப்புதான் போட்டேன். நீங்கதானே மேல தூவுனீங்க" என்றாள் அம்மா.

"நானும் எப்பவும் தட்டுற பன்னிரண்டு தட்டுதான் தட்டுனேன்."

"காலையில நான்தான்பா உப்பு டப்பா ஓட்டையெல்லாம் ஊசியால குத்தி விட்டேன்" என்றாள் அக்கா. "எல்லாம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

"எப்போலேருந்து அடைச்சிருந்தது?"

"யாருக்குத் தெரியும்? நீங்க மொதல்ல ரெண்டு தட்டுதான் தட்டுவீங்க. அப்புறம் நாலு. அப்புறம் எட்டு. உப்பு விழலைன்னு பாக்க மாட்டீங்க, தட்டை ஏத்திக்கிட்டே போவீங்க."

"ஓட்டையைக் குத்துனவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல?"

அக்கா பதிலுக்கு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

பூட்டுக்காரருக்கு முதலில் ஒரே ஒரு மாத்திரைதான். மிகக் குறைந்த அளவு. இரண்டாவது மாதம் அது இரட்டிப்பானது. அப்புறம் கூடவே இன்னொரு மருந்து. அப்புறம் மூன்றாவது. கடைசி மூன்று மாதமும் நான்தான் எண்ணிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அளந்து பார்த்திருப்பார், அழுத்தம் இறங்கியிருக்காது. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா என்று கேட்டிருப்பார். டப்பாவையே திறக்க முடியாத பூட்டுக்காரர், போடுறேன் என்றிருப்பார். டாக்டர் தட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

இன்று காலை ஊசியால் குத்திவிட்டவன் நான்.

"எங்கடா ஓடுற? உப்புன்னா தண்ணி குடி!" என்று அம்மா கத்தியது வாசல் வரை வந்தது.

கடைக்குள் நுழைந்தபோது மேடம் யாருடைய டப்பாவையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எண்ணிக்கையா?"

"இல்லை மேடம். மூடி."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினியில் பூட்டுக்காரரின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே படித்தார்.

"ஆறு மாசமா ஒரு மாத்திரைகூட உள்ள போகலைன்னா உடம்புக்கு இது மூணுமே புதுசு. முழு அளவுல ஒண்ணா விழுந்தா பிரஷர் தடால்னு இறங்கும். எழுந்து நின்னா கண்ணு இருட்டும். அவர் வேலை பாக்குறது எங்க?"

"பாதி நாள் ஏணி மேல, மேடம். ஷட்டர் ரிப்பேரும் பாக்குறாரு."

"படிவம் வாங்குனியா?"

"இல்லை."

"சரி. அது அப்புறம்."

அந்த 'அப்புறம்' பல் பிடுங்கக் கொடுத்த தேதி மாதிரி இருந்தது. அவர் பூட்டுக்காரரின் எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

"நீ ஓடு. நான் டாக்டரைப் பிடிக்கிறேன். போட்டுட்டார்னா படுக்க வை, எழுந்திருக்க விடாதே, உடனே எனக்குச் சொல்லு. போடலைன்னா, 'மேடம் சொல்ற வரைக்கும் எதையும் போடாதீங்க'ன்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே."

எனக்கு ஐந்தாவது வாக்கியம் கிடைத்துவிட்டது. ஓடினேன்.

சாவிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது: 'இதோ வந்துவிடுகிறேன்.' எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறாரோ, எழுத்து வெளுத்திருந்தது. பக்கத்து இஸ்திரிக் கடை அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரைப்பா தேடுற? அண்ணன் மாடியில இருக்காரு. காலையிலேருந்து ஒரே குஷி. பாட்டெல்லாம் வேற பாடுறாரு, காது கொடுத்துக் கேக்க முடியலை."

"இப்பவும் பாடுறாராக்கா?"

"கொஞ்ச நேரமா சத்தத்தைக் காணோம். நிம்மதியா இருக்கேன்."

மாடிப்படியை மூன்று மூன்றாக ஏறினேன். மேலே ஓர் இரும்புக் கதவு. தட்டினேன். உள்ளே சத்தமில்லை. இரண்டு கையாலும் தட்டினேன்.

"யாரு?" என்று குரல் வந்தது. என் உயிரும் கூடவே வந்தது.

"மருந்துக்கடையிலேருந்து சார்! மாத்திரை போட்டுட்டீங்களா?"

"இரு, திறக்கிறேன்."

ஒரு பூட்டுக்காரரின் வீட்டுக் கதவில் எத்தனை பூட்டு இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஒன்று திறந்தது.

"கதவு கிடக்கட்டும் சார்! மாத்திரையைப் போட்டீங்களா, இல்லையா?"

"என்னது? கேக்கலை!"

இரண்டு. மூன்று. "மாத்திரை!" நான்கு. "வர்றேன், வர்றேன். யாருப்பா அது, கதவை உடைக்கிறது?" ஐந்து. கதவு திறந்தது. திறந்தவர் காலில் திடமாக நின்றார்.

அவரைத் தாண்டி உள்ளே பார்த்தேன். ஒரே அறை. ஜன்னலோரம் பட்டறை மேஜை, அதன் ஒரு மூலையில் கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு. மேஜை நடுவில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் மூன்று மாத்திரைகள் வரிசையாக, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நிறையத் தண்ணீர். ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"போடலையா சார்?"

"போடத்தான் போறேன்."

"சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"அப்புறம் ஏன் இன்னும் போடலை?"

அவர் கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்து மூடினார். திறந்தார். மூடினார். திறந்தார்.

"இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஐந்தாவது வாக்கியத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அனுமதி இல்லாமலே, அப்பாவின் உப்பு டப்பாக் கதையையும் சொன்னேன். அளவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. உப்பைப் பற்றித்தான் திறந்தேன். கேட்டு முடித்ததும் அவர் அந்த மூன்று மாத்திரைகளையும் விரல் நுனியால் மெதுவாகத் தள்ளி வைத்தார், தூங்குகிற பூனையைத் தள்ளுவது போல.

"உங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க சார்" என்றேன்.

"பக்கத்துல வீடே கிடையாது தம்பி. அது இஸ்திரிக் கடை குடோன்."

மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பதினோரு டப்பாக்கள். ஒன்றும் காலியில்லை. மூடிகளில் குறடு கடித்த தடம், திருப்புளி கீறிய தடம், ஒன்றில் பல் தடம் மாதிரியும் ஏதோ இருந்தது, நான் கேட்கவில்லை.

"எங்க கணக்குல பன்னிரண்டு கொடுத்திருக்கோமே சார், இன்னொண்ணு?"

"பட்டறை இடுக்கியில வச்சுத் திருப்புனேன். டப்பா நொறுங்கிப் போச்சு. மாத்திரையும் மாவாயிடுச்சு. கத்தியால அறுத்திருக்கலாம்னு நினைப்பே. அறுத்துத் திறக்கிறதுக்குப் பேரு திறக்கிறதா?"

"கீழ இருக்கிற அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னா திறந்து கொடுத்திருப்பாங்கல்ல?"

"கொடுத்திருப்பா. அப்புறம் நாலு தெருவுக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்திருப்பா. மருந்து டப்பா திறக்க முடியாதவன் வீட்டுக் கதவைத் திறப்பானான்னு கேக்க மாட்டாங்க?" விரல்களை விரித்துக் காட்டினார். "பூட்டுன்னா நான் கெஞ்சித் திறப்பேன். நுனி விரல் போதும். இந்த மூடியை மிரட்டணும் தம்பி. மிரட்டுறதுக்கு என்கிட்ட கட்டை விரல் இல்லை."

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வரச் சொன்னேன். முடியவே முடியாது என்றார். கவுன்ட்டரில் நாலு பேர் நிற்பார்கள், அதில் மூன்று பேர் அவரிடம் சாவி செய்தவர்களாக இருப்பார்கள்.

"சார், நானும் அங்க போய் ஒரு தப்புக்குப் பதில் சொல்லணும். தனியாப் போனா எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. நீங்களும் வந்தா, ரெண்டுல யார் முழிக்கிறதுன்னே தெரியாது."

இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்தார். பிறகு ஒரு துணிப்பையை உதறி, பதினான்கு டப்பாவையும் அதில் அடுக்கினார். கீழே இறங்கி நடந்தபோது பை முழுக்கக் கலகலவென்று சத்தம். ஆறு மாதத்துச் சத்தம்.

மேடம் எங்களைக் கவுன்ட்டருக்கு வர விடவில்லை. பக்கவாட்டில் ஊசி போடும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். ரத்த அழுத்தம் பார்த்தார். மிக உயரம். ஆறு மாதமாக அது ஒரு படிகூட இறங்கவில்லை என்பது அந்த எண்ணிலேயே தெரிந்தது.

"டாக்டர்கிட்டப் பேசிட்டேன் சார். இப்போதைக்கு ஒரே ஒரு மாத்திரை, மொதல்ல கொடுத்த அளவு. அதை உடம்பு தாங்குதான்னு பாக்கணும். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்."

"மூடி விஷயம் சொல்லிட்டீங்களா?" பூட்டுக்காரரின் குரல் பாதியாகிவிட்டது.

"சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"தன்னைத்தான் திட்டிக்கிட்டார். ஆறு மாசமா உங்க பிரஷரை மட்டும் பாத்துக்கிட்டிருந்துட்டேன், கையைப் பாக்கலைன்னு."

மேடம் படிவத்தை நீட்டினார். பூட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். "காரணம் எங்க எழுதணும்?"

"காரணம் எழுதச் சொல்லி இதுல எங்கயும் இல்லை. சாதா மூடி போதும்னு கையெழுத்துப் போட்டா போதும்."

"ஏன்னு கேக்க மாட்டீங்க?"

"கேக்க மாட்டோம்."

பேனாவை நுனி விரலால் பிடித்து, அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு எனக்கு இன்னொரு படிவம் வந்தது. நடந்த தவறை நடந்த வரிசையில், சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். இரண்டு பக்கம் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, அப்பாவின் உப்பைப் பற்றிய பத்தியை மட்டும் அடித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

ஒன்பது நாள் கழித்து, சோதனைக் காலத்தின் கடைசி நாள், என்னை அந்தச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். போகும்போதே என் பேனாவையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து எடுக்க வேண்டாமே.

"தப்புன்னு தெரிஞ்சதும் வந்து சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டே?"

"நாலு நிமிஷம் மேடம். நடந்தா ஆறு. ஓடி வந்தேன்."

"என் முதல் தப்பைச் சொல்ல நான் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன்" என்றார் மேடம். பிறகு என் தாளில் முத்திரை குத்தினார். "இனிமே நாலாவது வாக்கியத்தை மறந்தா, அஞ்சாவது என்னோடது. 'நாளையிலேருந்து வர வேண்டாம்.' சாப்பாட்டு டப்பாவை எதுக்குத் தூக்கிக்கிட்டு வந்தே?"

அவர் அப்போது சிரித்தாரா என்று அக்கா இன்றும் கேட்கிறாள். நான் கருத்துச் சொல்வதில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும்.

மறுநாள் கவுன்ட்டரில் பிளாஸ்டிக் உறைத் தாள் மாற்றப்பட்டிருந்தது. நான்காக இருந்த வாக்கியங்கள் ஐந்தாகியிருந்தன. ஆனால் மேடம் மிரட்டிய ஐந்தாவது அல்ல. 'மூடியைத் திறக்க முடிகிறதா? இங்கேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.' அந்த ஒரு வாரத்தில் மட்டும் ஒன்பது பேருடைய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மூடி திறக்க முடியவில்லை என்று தெரிய வந்தது. ஓர் அம்மாவுக்கு அது 'தோழியின் சித்தி.' ஒரு பஸ் டிரைவருக்கு 'முன்னாடி இருந்த டிரைவர்.' யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தை நீட்டினோம், அத்தனை பேரும் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கூட்டம் நிறைய இருந்த நேரம், பூட்டுக்காரர் வந்தார். வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்தபோது நான் அவருக்கான மாத்திரைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் ஒரே மருந்துதான். அளவும் ஏறவில்லை. அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரின் குறிப்பில் இருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து.

அவர் பையிலிருந்து பழைய டப்பாவை எடுத்தார். நாலு பேர் பார்க்க, கவுன்ட்டரைத் தாண்டிக் கையை நீட்டி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார்.

ஒரு சத்தமும் வரவில்லை.

"சூப்பர் சார்!" என்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "பூஜ்யத்திலேருந்து."

மாத்திரைகளை மறுபடி தட்டின் நடுவுக்குத் தள்ளினேன். பூட்டுக்காரர் அவசரமில்லை என்பது போல் கவுன்ட்டர்மேல் சாய்ந்து, காலி டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். நான் வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.